மாற்றி ஊற்றிய எண்ணெய்

அன்று மதியம் சோற்றுக்கு உட்கார்ந்தவர்கள் இவர்கள்.

பிஷி. என் மனைவியின் அத்தை. தாயில்லாத அவளை வளர்த்தவர். வீடும் நிலமும் அவருடையவை.

மாலதி. என் மனைவி.

ரத்தன் காகா. பக்கத்து வீட்டுக்காரர். கடுகுச் செடியை அடித்து உதிர்க்கக் கை கொடுத்தவர்.

நான். நான்தான் சமைத்தேன். நான்தான் பரிமாறினேன்.

அந்தச் சோற்றில் விஷம் இருந்தது. நான் விளைவித்த கடுகின் எண்ணெயில் இருந்தது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு, எண்ணெயைக் கொண்டுவா என்று டாக்டர் கேட்டார். நான் வேறு எண்ணெயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இதுதான் நான் செய்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். அதிகம் பேசத் தெரியாது. இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்... தைரியமா! பயம்தான். இதோ எழுதும்போதும் வாசல் பக்கம் ஒரு கண் இருக்கிறது.

ஊர் கோவில்பட்டிப் பக்கம். வங்காளிகள் ஊரான பெஹாலாவில் அண்ணன் இட்லிக் கடை வைத்திருக்கிறார். மாவாட்ட வந்தேன். மாலதி டோட்டோ ஓட்டுபவள். பேட்டரியில் ஓடுமே, அந்த மூன்று சக்கர வண்டி. காலையில் இட்லி சாப்பிட வருவாள். கட்டிக்கொண்டோம். அவள் வீடு ஜோகாவுக்கும் அப்பால். ஒரு குளம், பத்து வாத்து, பூசணிக் கொடி, வாழை, நாலு கட்டா நிலம். நம் கணக்கில் ஏழு சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. அவள் வண்டி ஓட்டப் போவாள். வீட்டையும் அடுப்பையும் வாத்துகளையும் நான் பார்த்துக்கொள்வேன். வீட்டோடு மாப்பிள்ளை. ஊரே என்னை 'ஜாமாய்' என்றுதான் கூப்பிடும். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஒன்று மட்டும் முடியவில்லை. கடுகெண்ணெய். அந்த நெடி எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. அண்ணன் கடையிலிருந்து நல்லெண்ணெய் வாங்கி வந்து வைத்துக்கொள்வேன். அவர்களுக்குச் சமைத்து முடித்துவிட்டு என் பங்கைத் தனியாகத் தாளித்துக்கொள்வேன்.

பிஷிக்கு அது தீராத கேலி.

"நம்ம ஜாமாய்க்கு ரெண்டு பெண்டாட்டி. ஒண்ணு மாலதி. இன்னொண்ணு அந்த எள்ளெண்ணெ பாட்டில். ராத்திரி எதைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குறான்னு கேளு!"

"பாட்டில்தான் பிஷி. அது குறட்டை விடாது," என்பாள் மாலதி.

அந்தப் பாட்டில்தான் என்னைக் காப்பாற்றியது.

கடுகு வயலில் களை எடுப்பது பிஷியின் வேலை. யாரையும் விடமாட்டார். அந்த வருடம் முழங்கால் மடங்கவில்லை. வேலை என்னிடம் வந்தது.

கடுகுக்கு நடுவே ஒரு முள்செடி நிற்கும். இலையில் வெள்ளைக் கோடு. மஞ்சள் பூ. ஒடித்தால் மஞ்சளாகப் பால் வரும். எனக்குத் தெரிந்த செடி. பிரம்மதண்டு. எங்கள் பக்கம் சேற்றுப்புண்ணுக்கு அந்தப் பாலைத்தான் தடவுவோம். குளத்தங்கரையிலேயே நின்று பாத்திரம் தேய்த்து என் கால்விரல் இடுக்கெல்லாம் புண். தினமும் ஒரு தண்டை ஒடித்துத் தடவிக்கொண்டேன். ஆறியது.

அதனால் மற்றக் களைகளைப் பிடுங்கினேன். அதை மட்டும் விட்டுவைத்தேன். மருந்துச் செடி என்ன செய்துவிடும்?

"களை எடுத்தாச்சா ஜாமாய்?"

"எடுத்தாச்சு பிஷி."

"முள்ளையுமா?"

"எல்லாத்தையும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் திட்டுவார் என்று. அவ்வளவுதான். பொய் சொல்கிறோம் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

அறுக்கும்போது கையில் முள் குத்தியது. நின்று பிரித்துப் போடச் சோம்பல். மாலதி சோற்றுக்கு வரும் நேரம், உலை வைக்க வேண்டும். சேர்த்தே கட்டினேன். காயவைத்து அடித்தபோது கடுகோடு வேறு விதையும் உதிர்ந்தது. அதுவும் கறுப்பு. கொஞ்சம் பெரியது, சொரசொரப்பு. பார்த்தேன்! பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? முறத்தில் புடைக்கும்போது பார்த்தேன். முற்றிப் பருத்த கடுகு என்று நினைத்துக்கொண்டேன். முப்பது கிலோ. செக்கில் கொடுத்து ஆட்டியதில் ஒரு டின் எண்ணெய் கிடைத்தது.

புது எண்ணெயை இவர்கள் காய்ச்சமாட்டார்கள். பச்சையாகத்தான் சாப்பிடுவார்கள். அன்று உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்தேன். வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு. மேலே புது எண்ணெய்.

"இன்னும் ஊத்து. கஞ்சன் மாதிரி சொட்டுப் போடாதே," என்றாள் மாலதி.

ஊற்றினேன்.

பிஷி கண்ணில் நீர் வர மூக்கை உறிஞ்சினார். "இதுதான் எண்ணெ! கடையில விக்கிறது மாட்டு மூத்திரம்."

ரத்தன் காகா ஒருவேளை சாப்பிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற இருவருக்கும் தினமும் போட்டேன். மசியலில், பொரியில், சுட்ட கத்தரிக்காயில், குளத்து மீனில்... என் கையால்.

பதினைந்தாம் நாள் மாலதிக்கு வயிறு சரியில்லை. அடுத்த நாள் பிஷிக்கு. பிறகு கால் வீங்கியது. இருவருக்கும் இரண்டு காலும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தோல் சிவந்து எரிந்தது. மாலதி நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். முப்பத்து நாலு வயதுக்காரி!

ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஒரு பெண் டாக்டர் பார்த்தார். சின்ன வயது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே வீக்கம் என்றதும் அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"வீட்டுல வேற யாரு?"

"நான்."

"உங்க காலைக் காட்டுங்க."

காட்டினேன். சேற்றுப்புண் ஆறிய தழும்பு மட்டும் இருந்தது.

"என்ன எண்ணெ?"

"கடுகெண்ணெ. எங்க வயல்ல விளைஞ்சது."

"வயல்ல சியால்காண்டா இருந்துச்சா? முள்செடி, மஞ்சப் பூ?"

அந்த நொடியை நான் எப்படிச் சொல்வது? சியால்காண்டா... அந்தப் பேரை நான் கேட்டதில்லை. ஆனால் செடி கண்முன் நின்றது. வெள்ளைக் கோடு போட்ட இலையோடு நின்றது.

"தெரியலை," என்றேன்.

"அந்த விதை எண்ணெயில கலந்தா இப்படி வீங்கும். இதயத்தையும் பிடிக்கும். கண்ணையும் பிடிக்கும். அதுதான்னு தெரிஞ்சா உடனே கண்ணுக்குள்ள அழுத்தம் பார்க்கணும், விடாம பார்த்துக்கிட்டே இருக்கணும். நாளைக்கு அந்த எண்ணெயைக் கொஞ்சம் கொண்டுவாங்க." பிறகு கேட்டார். "நீங்க மட்டும் எப்படித் தப்பிச்சீங்க? தனியா ஏதாவது சாப்பிடுவீங்களா?"

"இல்ல. ஒரே சட்டிதான்."

மாலதி இரண்டடி தள்ளிக் கட்டிலில் கிடந்தாள். கண் மூடியிருந்தது. கேட்டாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

வாத்துகளை அடைக்க வேண்டுமே என்று அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். ரத்தன் காகா வேலி ஓரம் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

"என்ன ஜாமாய், ரெண்டு பொம்பளையும் படுத்தாச்சு. நீ மட்டும் வாத்து மாதிரி கொழுகொழுன்னு இருக்கே. நாலு கட்டாவும் இனிமே உனக்குத்தானா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நல்ல மனிதர். விளையாட்டுக்குச் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

யோசித்துப் பாருங்கள். வெளியூர்க்காரன். வீட்டோடு மாப்பிள்ளை. சமைப்பவன் அவன். தனி எண்ணெய் வைத்துச் சாப்பிடுபவன் அவன். அவன் மட்டும் நன்றாக இருக்கிறான். செடியை வேண்டுமென்றே விட்டுவைத்தவனும் அவனே! புண்ணுக்கு மருந்து என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நீங்கள் நம்புவீர்களா?

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"என்னல? சீக்கிரம் சொல்லு. கடையில கூட்டம்."

"அண்ணே... ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன தப்பு?"

கடைச் சத்தம் கேட்டது. யாரோ சட்னி கேட்டார்கள்.

"ஏலே, இருக்கியா?"

"நல்லெண்ணெ தீந்துபோச்சுண்ணே."

"இதுக்கா இப்படி இழுத்து இழுத்துப் பேசுத? ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போ. மாலதி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

மறுநாள் காலை. வாழைக்குப் பின்னால் குழி தோண்டினேன். டின்னில் மிச்சமிருந்ததை அதில் கொட்டினேன். குளத்தில் கொட்டினால் மேலே மிதக்கும், வாத்து குடிக்கும் என்று யோசிக்கும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது... பாருங்கள்! பயத்திலும் வாத்துக்காக யோசித்தேன்.

டின்னைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். வெந்நீர் விட்டு அலசினேன். வெயிலில் கவிழ்த்தேன். தூரத்துக் கடையில் போய்ப் பாக்கெட் எண்ணெய் வாங்கி வந்து, முன்பிருந்த மட்டத்துக்கு ஊற்றினேன். பாக்கெட்டுகளை அடுப்பில் போட்டேன். அதிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் கண்ணாடிக் குழாயில் விட்டு ஆசிட் போல ஏதோ கலந்து குலுக்கினார். சிவந்தால் விஷம் என்றார். நான் அந்தக் குழாயையே பார்த்தேன். சிவக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தும் கும்பிட்டேன். எந்தச் சாமியை, எதற்காக?

சிவக்கவில்லை.

"எண்ணெ சுத்தமாத்தான் இருக்கு," என்றார். முகத்தில் குழப்பம். சிறுநீரகம், தைராய்டு என்று வேறு சோதனைகள் எழுதினார். கண்ணைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி! வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். இனிப்பாக இருந்தது. அந்த டீயை நான் மறக்கவில்லை.

விஷம் நின்றுவிட்டதால் வீக்கம் மெல்ல வடிந்தது. இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். முதல் நாள் பிஷிக்குப் பொரி பிசைந்து கொடுத்தேன். ஒரு வாய் போட்டவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"இது நம்ம எண்ணெயா?"

"நம்ம எண்ணெதான் பிஷி."

"அந்தக் காரம் எங்க? மூக்குல ஏறவே இல்லையே."

"நோயில கிடந்தீங்க. நாக்கு செத்திருக்கும்."

"என் நாக்கு செத்துட்டா உன்னை யார் திட்டுறது?" என்று சிரித்தார். பொரியை முடித்தார். நான் குளத்தங்கரைக்குப் போய் முகம் கழுவினேன்.

வாழைப் பக்கம் ஒரு வாரம் வரை புது எண்ணெய் வாசம் அடித்தது. ரத்தன் காகா ஒரு நாள் மூக்கை விரித்து, "யாரு வீட்டுல இன்னிக்கு மீன் பொரியல்?" என்றார். அன்று மத்தியானம் மீன் வாங்கிப் பொரித்தேன். எனக்குப் பசிக்கவே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். பயம் பழகிப்போயிருக்கும்.

மழைக்காலம். ஒரு சாயங்காலம் மாலதி வண்டியை நிறுத்திவிட்டு வந்து முறம் எடுக்கப் போன என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னிக்கு ஒண்ணு பார்த்தேன். எதிர்ல வர்ற வண்டி லைட்டு இருக்கில்ல, அதைச் சுத்தி வட்டமா வானவில் தெரியுது. நம்ம பல்பைச் சுத்தியும் இருக்கு பாரு. அழகா இருக்கு."

நான் பல்பைப் பார்த்தேன். ஒரு வட்டமும் இல்லை.

கண்ணையும் பிடிக்கும்... டாக்டர் சொன்ன சொல் அப்படியே காதில் விழுந்தது. வாய் திறந்தால் போதும். கண் டாக்டரிடம் போவோம் என்று மட்டும் சொன்னால் போதும். காரணம் சொல்லவேண்டியதுகூட இல்லை! ஆனால் போனால் கேட்பார்கள். முன்னால் என்ன நோய், என்ன எண்ணெய் என்று கேட்பார்கள்.

"தூக்கம் பத்தலை. ரெண்டு நாள் சீக்கிரம் படு," என்றேன்.

படுத்தாள். நான் சொன்னால் கேட்பாள்.

பூஜைப் பண்டிகை முடிந்த வாரம், பட்டப்பகலில், வண்டியை ஓரத்துச் சாக்கடையில் இறக்கிவிட்டாள். நல்லவேளை, சவாரி இல்லை. முட்டியில் மட்டும் சிராய்ப்பு. "இடதுபக்கம் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. சாக்கடை எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியலை," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கண் ஆஸ்பத்திரியில் வயதான டாக்டர். இரண்டு கண்ணிலும் அழுத்தம் ஏறி, உள்ளே நரம்பு கருகிவிட்டது என்றார். இடது கண் போய்விட்டது. வலது கண் பாதிக்கு மேல் போய்விட்டது. போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டுமருந்தால் பிடித்து வைக்கப் பார்க்கலாம்.

"இந்த வயசுல இப்படி வராதே," என்றார். "முன்னாடி கால் வீங்குச்சா?"

"வீங்குச்சு. எனக்கும் பிஷிக்கும்," என்றாள் மாலதி.

"சியால்காண்டா எண்ணெ சாப்பிட்டவங்களுக்குத்தான் இப்படிப் பார்த்திருக்கேன். அப்ப எண்ணெயைச் சோதிச்சாங்களா?"

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் எழுத்துகள் பெரிசிலிருந்து சிறிசாக இறங்கின.

மாலதி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சோதிச்சாங்க டாக்டர்பாபு. இவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். எண்ணெ சுத்தம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அவள் அதை நம்பிச் சொன்னாளா? அன்று கட்டிலில் எல்லாம் கேட்டுவிட்டு, என்னைக் காப்பாற்றச் சொன்னாளா? எது உண்மையாக இருந்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நம்பினாள் என்றால் நான் எப்படிப்பட்டவன்! தெரிந்தே சொன்னாள் என்றால்... அவள் தினமும் என் கையால் எப்படிச் சாப்பிடுகிறாள்?

டோட்டோவை விற்றாகிவிட்டது. பிஷியின் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. எழுபது வயதில் முறத்தில் கல் பொறுக்குகிறார். "கடவுளுக்கு ஆள் அடையாளம் தெரியலை. என்கிட்ட எடுக்க வேண்டியதை அவகிட்ட எடுத்துட்டான்," என்று புலம்புவார். நான் அடுப்பை ஊதுவேன்.

மாலதி வீட்டுவேலை பழகுகிறாள். கீரையைத் தடவி ஆய்கிறாள். வாத்துகளைச் சத்தம் வைத்து எண்ணுகிறாள். அரிவாள்மணையை மட்டும் நான் கொடுப்பதில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். சொன்னால் கண் திரும்புமா? திரும்பாது. சொல்லாவிட்டால்? அதுவும் திரும்பாது. அப்படியானால் எதற்குச் சொல்லவேண்டும் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். பயந்தவனின் கேள்வி அது. எனக்கே தெரிகிறது.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் சொட்டுமருந்து விடும் முன், வெளிச்சத்தில் அவளை உட்காரவைத்து, ஒரு கை தூரத்தில் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னால் அன்றே கூட்டிவர வேண்டும். மருந்து கேட்கவில்லை என்று பொருள். வேறு ஏதாவது செய்துபார்ப்பார்களாம். வேறு டாக்டர்கள் கூடி உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாம் கேட்பார்களாம்.

ஆறு மாதம் சரியாகச் சொன்னாள்.

இன்று காலையும் வாசலில் உட்காரவைத்தேன். நல்ல வெயில். கையை நீட்டினேன். அவள் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் முகம் இருக்கும் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"மூணு."

"சரி," என்றேன்.

நான் நீட்டியிருந்தது ஒன்று.